பாதியில் நிற்கும் கைவேலைகளை முடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள். பீரோவின் அடித்தட்டில் பாதி முடிந்த மயில் கிராஸ் ஸ்டிச் (கட்டம் எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடும் தையல்), அம்மாவின் பழைய நூல் புடவைகளை வெட்டி ஒட்டுப்போட்டு தங்கை குழந்தைக்கென்று ஆரம்பித்த குயில்ட் போர்வை, கைப்பிடி போடாத ஒயர் கூடை, அது போக துணியும் நூலும் சார்ட்டும் சேர்ந்து வரும் கிட் பாக்கெட் இரண்டு, பிரிக்காமலே. "ஆரம்பிக்கும்போது இருக்கிற ஆசை முடிக்கும்போது வருவதில்லை, என்னிடம்தான் ஏதோ குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் குறை எதுவும் இல்லை. பெரம்பூரில் பல வருடமாகப் பெண்களுக்குத் தையலும் எம்பிராய்டரியும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதியில் நின்ற வேலையோடு வராதவர்களே கிடையாது. ஒவ்வொருவரும் சோம்பல் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். பையைத் திறந்து பார்த்தால் வேறு விஷயம் இருக்கும். கட்டம் எண்ணியது தப்பிப்போயிருக்கும், ஒரு ஷேடு நூல் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த படி என்னவென்றே தெரிந்திருக்காது. கைவேலை நினைத்த இடத்தில் நிற்பதில்லை, குறிப்பிட்ட சில இடங்களில்தான் நிற்கும். அந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் வெறும் நேரம்தான்.

அதனால் இந்த வாரம் ஊசியைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இது எங்கே நின்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும். "மயிலை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "வால் பக்கம் நீலம் 3 கட்டம் தள்ளியிருக்கிறது, எங்கிருந்து தப்பு என்று பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். அப்படி எழுத முடிந்த வேலை பாதி உயிர் பெற்ற மாதிரி.

இப்போது மயில். சார்ட்டில் 140 கட்டம் அகலம், 210 கட்டம் உயரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊரில் மேட்டி துணி என்று கேட்டு வாங்குவோமே, அதில் உங்களுடையது 14 கவுண்ட், அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். கணக்குப் போட்டால் படம் 10 அங்குலத்துக்கு 15 அங்குலம். பார்க்கச் சின்னதுதான். ஆனால் பின்னணியோடு சேர்த்து முழுக்க நிரப்பும் படம் என்றால் 29,400 தையல். மணிக்கு நூறு தையல் என்று வைத்தால் 294 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தாலே பத்து மாதம் ஆகும். வீட்டு வேலை, பள்ளிக்கூடம், விருந்தாளி, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருடம் என்பது நியாயமான கணக்கு. இதை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் மூன்றாவது மாதத்தில் உங்கள் மனசு உடைந்திருக்காது.

பின்னணியைப் பாருங்கள். மயிலுக்குப் பின்னால் வெளிர் பச்சையாக ஒரே நிறத்தில் நிரப்பச் சொல்லியிருந்தால், அதை விட்டுவிடலாம். வெள்ளையோ சந்தன நிறமோ துணியே பின்னணியாக இருக்கட்டும். இதைக் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். பழைய காலத்து கிராஸ் ஸ்டிச் வேலைகளில் பல துணியை அப்படியே விட்டு உருவத்தை மட்டும் போட்டவைதான். உங்கள் மயிலில் பாதித் தையல் இதிலேயே குறையலாம். எனக்கு அந்தத் துலக்கமான வெறும் துணிதான் அழகும்கூட.

எண்ணிக்கை தப்பியதற்கு வருவோம். துணி முழுக்கப் பத்துக்குப் பத்து கட்டமாக நூலோட்டி வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும், இரண்டும் பொருந்திவிடும். இதற்குச் சாதாரணத் தையல் நூல் போட்டால் ஊசி அதைக் குத்தி இழைக்குள் சிக்கவைத்துவிடும், கடைசியில் உருவும்போது அறுந்து கிடக்கும். நமக்கு அதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் இருப்பதிலேயே மெல்லிசான தங்கூசி நரம்பு, சிவப்போ பச்சையோ, ஒரு சுருள் வாங்குங்கள். ஊசி அதைக் குத்தாது, வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். பென்சிலில் கோடு போடாதீர்கள், வெளிர் நிற நூலுக்குள் அழுக்காக நின்றுவிடும்.

கட்டம் போட்டபின் தப்பு எங்கே என்று தானாகத் தெரியும். பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அந்தத் தப்பு அடுத்து வரும் வேறு ஒன்றோடு போய்ச் சேர வேண்டுமா? மயிலின் கழுத்துக்குள் ஒரு கட்டம் நிறம் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். ஓரத்தில் சுற்றி வரும் பார்டர் ஒரு கட்டம் தள்ளியிருந்தால் நான்கு பக்கமும் சுற்றி வந்து கடைசி மூலையில் சேராது. அதைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கும்போது பின்பக்கம் இருந்து நூலை இரண்டு மூன்று தையலுக்கு ஒரு முறை கத்தரித்து முன்பக்கம் உருவுங்கள். நீளமாக இழுத்தால் துணியின் துளை பெரிதாகிவிடும்.

நூல் தீர்ந்துபோன சிக்கல் தனி. கிட்டோடு வந்த சார்ட்டில் பெரும்பாலும் டிஎம்சி என்ற நூல் கம்பெனியின் நிற எண்கள் இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஆங்கர் கம்பெனி நூல். டிஎம்சி 310 என்றால் ஆங்கரில் 403, இரண்டும் கறுப்பு. அதில் சந்தேகம் வராது. ஆனால் நீலம், பச்சை, தோல் நிறங்களில் ஒப்பீட்டுப் பட்டியல் சொல்லும் எண் "ஏறக்குறைய" என்ற அளவுக்குத்தான் சரியாக இருக்கும். மயிலின் கழுத்து நீலத்தைப் பட்டியலை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். துணியையே எடுத்துக்கொண்டு போய், கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் நீலம் ஏமாற்றும். ஒரே எண்ணாக இருந்தாலும் சாயம் போட்ட தொகுதி மாறினால் லேசாக மாறும். அதற்கும் வழி உண்டு. பழைய நூலில் ஒரு இழை, புதியதில் ஒரு இழை சேர்த்து இரண்டு மூன்று வரிசை போட்டபின் முழுக்கப் புதியதுக்கு மாறினால் கண்ணுக்குத் தெரியாது. நூல்கட்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை, 14 கவுண்டுக்கு இரண்டு இழை போதும். ஒவ்வொரு முறையும் முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்ப் போய் நூல் பஞ்சாகிவிடும்.

நெடுநாள் கழித்துத் திரும்ப எடுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பெருக்கல் குறியில் மேலே வரும் கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பழைய தையலைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மாற்றிப் போட்டால் நிறம் ஒன்றாக இருந்தும் வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். ஓரக்கோடு போடும் பேக் ஸ்டிச்சும் கண்ணில் வைக்கும் பிரெஞ்சு நாட் முடிச்சும் எல்லா கிராஸும் முடிந்தபிறகுதான். அப்புறம் தங்கூசியை உருவி, துவைத்து, காயவைத்து, சட்டம்.

துவைப்பதில் நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாகவோ காவியாகவோ இருக்கும். வெள்ளை மேட்டி துணி அதில் பழுத்துப்போகும். கடைசி அலசலாவது மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு திரவம் ஒரு சொட்டு, முறுக்கிப் பிழியக் கூடாது. டவலில் சுருட்டி அழுத்தினால் போதும். சிவப்பு நூல் சாயம் விட்டால் பதறாமல், தண்ணீரை மாற்றிக்கொண்டே தெளியும்வரை அலசுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால்தான் கறை நிலைக்கும். அயர்ன் பண்ணும்போது தடித்த டவல்மேல் முகம் கீழே இருக்கும்படி வைத்துப் பின்பக்கம் தேயுங்கள், தையல் தட்டையாகாமல் எழும்பி நிற்கும்.

சட்டம் போடும் கடையில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பசை வேண்டாம். சாமி படம் ஒட்டுவது போல அட்டையில் ஃபெவிகால் தடவி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாளடைவில் பசை பழுத்து முன்பக்கம் தெரியும், பிறகு துணியைக் காப்பாற்றவே முடியாது. துணியை அட்டைமேல் போர்த்தி, பின்பக்கம் கெட்டி நூலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றி மாற்றி இழுத்துக் கட்டுங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான், வீட்டிலேயே செய்துகொண்டு போய்விடலாம். இதற்காகத்தான் நான்கு பக்கமும் மூன்று அங்குலம் வெறும் துணி விடச் சொல்வது. கண்ணாடி தையலைத் தொடாமல் நடுவில் மெல்லிய பட்டி வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும்.

அடுத்து குயில்ட். உங்களிடம் இருப்பதிலேயே முதலில் முடிக்க வேண்டியது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. குழந்தை வளர்ந்துகொண்டிருக்கிறது, மயில் அங்கேயேதான் இருக்கும். அதோடு, ஒட்டுப்போடும் வேலை முழுக்க முடிந்து, மேல்துணி 36 அங்குலத்துக்கு 45 அங்குலம் தயாராக இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் நிற்பதும் இதே இடத்தில்தான். துண்டு வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் ஆசையாகச் செய்யும் வேலை. அதன்பிறகு மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பதையும் ஓரம் கட்டுவதையும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நடு அடுக்குக்கு என்ன வைப்பது என்று குழம்பி நிற்கிறீர்கள். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது தலையணைக்குச் சரி. போர்வையில் இரண்டு துவைப்பில் மூலைக்கு ஒதுங்கிக் கட்டிதட்டும். ஆன்லைனில் கிடைக்கும் பாலியஸ்டர் பேட்டிங் (விரிப்பாக வரும் பஞ்சு) மெத்தென்று இருக்கும், ஆனால் சென்னை வெக்கையில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். நம் ஊருக்குப் பொருத்தமானது வங்காளத்துக் காந்தா முறைதான். அங்கே பழைய புடவைகளை அடுக்கி, பஞ்சே வைக்காமல், நெருக்கமான ஓட்டுத் தையலாலேயே ஒன்றாக்குவார்கள். நீங்களும் மேல்துணி, நடுவில் நன்றாகத் துவைத்து மிருதுவான இன்னொரு நூல் புடவை, அடியில் ஒன்று என்று மூன்று அடுக்கு வைத்தால் போதும். கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் நடுவில் மெல்லிய ஃபிளானல்.

புடவையை எடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். சின்னதாகக் கிழிசல் சத்தம் கேட்டால் அந்த இடம் செத்த துணி, தவிர்த்துவிடுங்கள். முந்தானையும் கொசுவம் வரும் இடமும் முதலில் நைந்திருக்கும், மற்ற இடம் நன்றாகவே இருக்கும். இரண்டாவது சாயம். ஈரமான வெள்ளைத் துணியை அடர்நிறத்தின்மேல் வைத்து அயர்ன் செய்யுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாகப் பலமுறை அலசாமல் சேர்க்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே நெகிழ்ந்த சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது, உபரியாக இருப்பதை அலசி வெளியேற்றுவதுதான் வழி. இந்தச் சாயம் போகிற குணத்தை வைத்தே நம் ஊர் ஒரு காலத்தில் பெயர் வாங்கியது. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை, துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும் என்பதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது அழகு. வெள்ளை ஒட்டு பக்கத்தில் இருக்கும் குழந்தைப் போர்வைக்கு ஆகாது.

கஞ்சி போட்டிருந்தால் முழுக்கப் போகத் துவைத்துவிடுங்கள். கஞ்சி மணத்துக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும்.

அளவு: அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் பெரிதாக வேண்டும். 44க்கு 53. புடவையின் அகலம் பெரும்பாலும் 45 அங்குலம் இருக்கும் என்பதால் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வந்துவிடும். இதைப் பரப்ப இடம் இல்லை என்று சொல்வீர்கள், நம் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். காலையில் எல்லோரும் கிளம்பியபின் ஹாலில் நாற்காலியை நகர்த்தினால் ஐந்தடிக்கு ஐந்தடி கிடைக்கும், அது போதும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நான்கு பக்கமும் பிரவுன் டேப் ஒட்டித் தரையோடு இழுத்துப் பிடியுங்கள். தளர்வும் கூடாது, விறைப்பாக இழுக்கவும் கூடாது. அதன்மேல் நடு அடுக்கை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி விடுங்கள். மேலே ஒட்டுத்துணி. பிறகு நடுவில் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்று ஊக்குக் குத்துங்கள்.

ஊக்கு விஷயத்தில் கவனம் தேவை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எல்லாம் கடல் காற்று அடிக்கிற இடம். மலிவான ஊக்கைத் துணியில் குத்தி ஒரு மழைக்காலம் விட்டால், எடுக்கும்போது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு செம்மண் நிற வளையம் இருக்கும். துருக்கறை துவைத்தால் போகாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் வெள்ளைத் துணியில் ஓரளவு மங்கும், நிறத்துணியில் அந்த இடமே வெளுத்துவிடும். எனவே குத்திய ஊக்கோடு பீரோவுக்குள் வைக்கவே கூடாது. தொடர்ந்து தைக்க முடியாது என்று தோன்றினால் ஊக்குக்குப் பதில் வெள்ளை நூலால் பெரிய பெரிய கச்சாத் தையலாகப் போட்டு வைத்துவிடுங்கள். அது வருடக்கணக்கில் இருந்தாலும் ஒன்றும் செய்யாது. கிராஸ் ஸ்டிச் ஊசிக்கும் இதே விதிதான். ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தையும் தினமும் கழற்றிவிடுங்கள், அதன் தடத்தில் அழுக்குப் படிந்தால் போகாது.

தையல் நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், அப்போதுதான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மறையும். கையால் ஓட்டுத் தையல் என்றால் வரிசைக்கு வரிசை ஒரு அங்குலம் இடைவெளி போதும். குழந்தை விரல் மாட்டும் அளவுக்கு நீளத் தையல் வேண்டாம். நடுவிலேயே களைத்துவிடுவோம் என்று பயமாக இருந்தால் ஒட்டுகளின் ஓரத்தை ஒட்டி மட்டும் தையுங்கள், அதுவும் முழுமையான குயில்ட்தான். வீட்டில் மிஷின் இருந்தால் 16ஆம் எண் ஊசி மாட்டி, தையல் நீளத்தைக் கூட்டி, நேர்க்கோடாக ஓட்டுங்கள்.

ஓரம் கட்டுவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலர் கைவிடுவது இங்கேதான். சுற்றளவு 162 அங்குலம், சேர்க்கைக்குப் பத்து சேர்த்தால் 172. இரண்டரை அங்குல அகலத்தில் பட்டி வேண்டும். அகலவாக்கில் வெட்டினால் நான்கைந்து பட்டி வெட்டி இணைக்க வேண்டியிருக்கும். ஆனால் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். நீளவாக்கில் வெட்டினால் இணைப்பே இல்லாமல் ஒரே பட்டி! அம்மா புடவையின் பார்டர் பக்கத்திலிருந்து, ஜரிகை இல்லாத நூல் பார்டராக இருந்தால், இந்தப் பட்டியை எடுங்கள். கடையில் வாங்கும் எந்தப் பைப்பிங்கும் அந்த அழகுக்கு வராது.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்தால் ஒன்றேகால் அங்குலம். போர்வையின் மூன்று அடுக்கையும் சமமாக வெட்டியபின், முன்பக்கத்தில், பட்டியின் பிசிறு ஓரமும் போர்வையின் பிசிறு ஓரமும் ஒன்றாக இருக்கும்படி வைத்து, கால் அங்குலம் உள்ளே தையுங்கள். மூலையில் ஆரம்பிக்காதீர்கள், ஒரு பக்கத்தின் நடுவில், முதல் எட்டு அங்குலத்தைத் தைக்காமல் தொங்கவிட்டு ஆரம்பியுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு நூலை வெட்டிவிடுங்கள். இப்போது பட்டியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, அடுத்து தைக்கப்போகும் ஓரத்துக்கு நேர்க்கோட்டில் நிற்கும்படி மேலே மடியுங்கள். மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் பிடித்துக்கொண்டு, பட்டியைத் திரும்பக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு, தைத்து முடித்த ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்து மறுபடி தையுங்கள். பின்பக்கம் திருப்பி மடித்து ஹெம்மிங் செய்யும்போது மூலை தானாகச் சாய்வாக அமர்ந்துவிடும். முதலில் ஒரு கர்ச்சீப் அளவு கட்பீஸில் நான்கு மூலையையும் போட்டுப் பாருங்கள், கை பழகிவிடும். மிஷின் இல்லையென்றால் முன்பக்கத் தையலை மட்டும் தெரு முனைத் தையல்காரரிடம் கொடுத்து ஓட்டி வாங்கிக்கொண்டு, பின்பக்க ஹெம்மிங்கை நீங்கள் கையால் செய்யலாம். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனத்துப் பெண்கள் பழைய துணியில் கவந்த் என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை மடித்து மடித்து வைத்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாகப் பல மடிப்பு மடித்து ஒரு பூ வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகக் கணக்கு. உங்கள் போர்வை மூலைக்கும் அப்படி ஒரு சின்னப் பூ வைக்கலாம். குழந்தை கையில் பிடித்து விளையாட ஏதாவது வேண்டுமே. கெட்டியாகத் தைத்துவிடுங்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒயர் கூடைக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. வருடக்கணக்கில் கிடந்து ஒயர் விறைத்திருக்கும், அதனால்தான் கைப்பிடி பின்ன வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் இளகும். விட்டுவைத்த ஒயர் நீளம் போதவில்லையென்றால், புது ஒயரை விளிம்பிலிருந்து நாலைந்து முடிச்சுக்குக் கீழே செருகி மேலே கொண்டுவந்து பின்னுங்கள். விளிம்பிலேயே சேர்த்தால் காய்கறி கனத்துக்கு உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

பிரிக்காத கிட்கள் இரண்டையும் பற்றி. பார்க்கும்போது இப்போதும் ஆசையாக இருக்கிறதா? இருந்தால் பீரோவுக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். பாதி செய்ததாக இருந்தாலும் மனசு விட்டுப்போன வேலையை வைத்துக்கொண்டு கஷ்டப்படத் தேவையில்லை. தைத்தவரை வெட்டி ஒரு சுருக்குப்பை, புத்தக அடையாளம் என்று ஏதாவது செய்து முடித்துவிடலாம்.

நேரம் கிடைப்பதில்லை என்றீர்கள். எனக்குப் பலன் தந்த பழக்கம், வரிசை முடியும் இடத்தில் நிறுத்தாமல் வரிசையின் நடுவில் நிறுத்துவது. அடுத்த நாள் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகத் தொடரும். ஒவ்வொரு வேலையையும் தனித்தனித் துணிப்பையில், அதற்கான நூல், ஊசி டப்பி, சீட்டு எல்லாவற்றோடும் வையுங்கள். கத்தரிக்கோல் தேடியே போன சாயங்காலங்கள் நிறைய. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் தைத்தால் வேலை செய்யாத பகுதியை ஒரு மல் துணியால் மூடிக்கொள்ளுங்கள், காற்றில் வரும் தூசு உட்கார்ந்துவிடும்.

நாள் குறிப்பதற்கு நவராத்திரியை வைத்துக்கொள்ளுங்கள். கொலு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி போர்வையை விரித்து வைக்கலாம் என்று நினைத்தாலே வேகம் வரும். மயிலுக்கு அடுத்த வருட நவராத்திரி.

வாங்க வேண்டியதை ஒரே நடையில் முடித்துவிடலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் கோடவுன் தெரு நடக்கிற தூரம். ஃபிளானலோ, அடித்துணிக்குக் காடாவோ மல் துணியோ வேண்டுமென்றால் அங்கே. சில கடைகளில் மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், சில்லறையாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நூல், ஊசி, லேஸ் எல்லாம் சௌகார்பேட்டைப் பக்கம். வெறும் கட்பீஸ் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடிலேயே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைப் பக்கம் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். மயில் துணியையும், தீர்ந்துபோன நூலின் காகித லேபிளையும் கைப்பையில் வைக்க மறக்காதீர்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் ஊக்கு கேட்டு வாங்குங்கள், நூறு இருந்தால் இந்த அளவுப் போர்வைக்குச் சரியாக இருக்கும்.